மூணால பெருக்காத நாலு நாள்

(எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சு நடையை பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கேன். அளவுக்கு மீறி வந்த 'ஆக்சுவலி'களை மட்டும் வெட்டிட்டேன்.)



போன மாசம் எங்க பழைய வாட்ஸப் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. போர்ச்சுகல்ல, போர்ட்டோ ஊர்ல ஒரு கல்யாணம். மணப்பெண் என் ஃபிரெண்டு. பக்கத்துல நிக்குற மூணு பேரும் என் ஃபிரெண்ட்ஸ். ஆறு பேர் இருக்குற குரூப்ல நாலு பேர் அந்த போட்டோல இருக்காங்க. இல்லாத ரெண்டு பேர்ல ஒருத்தன் நான். எனக்கு விசா அப்பாயின்ட்மென்ட்டே கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தேதியிலதான் கிடைச்சுது. இன்னொருத்தனுக்கு அதுகூட கிடைக்கல.

நாங்க ஆறு பேரும் கடைசியா ஒண்ணா நின்னது 2019 ஜூன்ல, செக் நாட்டுல. என்னோட எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் முடியுறப்ப போன ஃபேர்வெல் ட்ரிப். நாலு நாள், நாலு பழைய ஊர். இன்னிக்கு அந்தக் கதைதான். வெளிநாட்டுல படிக்கப் போறவங்க, போயி இப்ப ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து இதைக் கேக்குறவங்க, முக்கியமா உங்களுக்கு.

பேர் எதுவும் சொல்லல. அங்க நாங்க ஒருத்தர ஒருத்தர் ஊர் பேர் வச்சுத்தான் கூப்பிட்டுக்குவோம், அதையே இங்கயும் வச்சுக்கலாம். நான் மதுரை. துருக்கிக்காரன் இஸ்மிர். போர்ச்சுகல் பொண்ணு போர்ட்டோ. போலந்து பொண்ணு க்ராக்கோ. பிரான்ஸ்காரன் லியோன். செக் பொண்ணு ஓலமோட்ஸ். அவதான் எனக்கு ஒதுக்கின 'பட்டி'. நம்ம ஆண்டிப்பட்டி பட்டி இல்ல. புதுசா வர்ற வெளிநாட்டு ஸ்டூடண்ட்டுக்கு ஊரைப் பழக்கிவிடுற உள்ளூர் ஸ்டூடண்ட்டை அங்க அப்படித்தான் சொல்வாங்க.

மூணு ரூபா கணக்கு

நான் படிச்சது பிர்னோல. பிராக் நகரத்துக்கு அடுத்தபடியா செக் நாட்டோட பெரிய ஊர். அந்த ஊர் பேராலயத்துல காலைல 11 மணிக்கே மத்தியான மணி அடிச்சிடுவாங்க. 1645ல ஸ்வீடன் படை ஊரை முற்றுகை போட்டுச்சு. மத்தியானத்துக்குள்ள பிடிக்க முடியலன்னா கிளம்பிடுறேன்னு தளபதி சொன்னதாவும், உள்ள இருந்தவங்க ஒரு மணி நேரம் முன்னாடியே 12 அடிச்சு அவரை ஏமாத்தி அனுப்பினதாவும் கதை. அந்த ஞாபகத்துக்கு இன்னிக்கும் 11 மணிக்கு அடிக்கிறாங்க.

அந்த மணிச் சத்தத்தை நான் பெரும்பாலும் கேட்டது ஹாஸ்டல் கிச்சன்ல இருந்து. காரணம், அப்போ ஒரு செக் கொருனா ஏறத்தாழ மூணு ரூபா. நான் பார்த்ததை எல்லாம் மூணால பெருக்குவேன். காபி 50 கொருனாவா, 150 ரூபா, வேணாம். சாப்பாடு 140 கொருனாவா, 420 ரூபா, அம்மா திட்டும். ஸ்காலர்ஷிப் காசுதான், பட்டினி கிடக்குற நிலைமை எல்லாம் இல்ல. ஆனா வீட்டுல லோன் இருந்துச்சு, மிச்சம் பிடிச்சு ஊருக்குக் கொண்டுபோகணும்னு ஒரு வெறி.

அதனால ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் என் பதில் ஒண்ணுதான்: "அடுத்த தடவை வரேன்." வியன்னா பிர்னோல இருந்து ஒண்ணரை மணி நேரம்தான். போகல. மார்ச் மாசம் ஓலமோட்ஸ் எல்லாரையும் தன்னோட ஊருக்கு, பாட்டி வீட்டுக்குக் கூப்பிட்டா. அங்க தங்க காசு கிடையாது, சாப்பாட்டுக்கும் காசு கிடையாது. ரயில் டிக்கெட் மட்டும்தான். அதுவும் 2018 செப்டம்பர்ல இருந்து அந்த நாட்டுல 26 வயசுக்கு உட்பட்ட ஸ்டூடண்ட்ஸுக்கு ரயில், பஸ்ல அப்போ 75 சதவீதத் தள்ளுபடி இருந்துச்சு. இருந்தும் நான் போகல. "அசைன்மென்ட் இருக்கு"ன்னு சொன்னேன். அசைன்மென்ட் இருந்தது உண்மைதான். அது மட்டும் காரணம் இல்லங்குறதும் உண்மை.

ஜூன்ல ஓலமோட்ஸ் ஒரு கவரோட ரூமுக்கு வந்தா. "ஆளுக்கு 3,000 கொருனா இதுல போடுறோம். உள்ள போனதுக்கு அப்புறம் யாரும் கணக்கு கேக்கக் கூடாது. முக்கியமா நீ." மனசுக்குள்ள 9,000 ரூபான்னு ஓடுச்சு. போட்டேன். அதுக்கப்புறம் நாலு நாள் நான் எதையும் மூணால பெருக்கல.

டெல்ச்: ஒருத்தர் இத்தாலி போயிட்டு வந்த கதை

முதல் ஊர் டெல்ச். ரொம்பச் சின்ன ஊர். மூணு பக்கமும் மீன் வளர்க்குற குளம், நடுவுல நீளமா ஒரு சந்தைச் சதுக்கம். சதுக்கத்தோட ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுங்க. ஒண்ணு ரோஸ், ஒண்ணு மஞ்சள், ஒண்ணு வெளிர் பச்சை. ஒவ்வொண்ணு தலையிலயும் ஒவ்வொரு மாதிரி முகப்பு. கீழ எல்லா வீட்டுக்கும் சேர்த்து வளைவு வச்ச ஒரு நடைபாதை, மழை பெய்தாலும் நனையாம ஊரைச் சுத்தி வந்துடலாம்.

1530ல ஒரு தீ விபத்து, ஊர் பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அந்த ஊரை ஆண்ட ஸக்கரியாஷ்ங்குற பிரபு இத்தாலி போயிட்டு வந்தார். அங்க பார்த்த கட்டடங்கள் அவரை விடல. இத்தாலியில இருந்து கைத்தேர்ந்த ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து கோட்டையை மாத்திக் கட்டினார். அதைப் பார்த்து ஊர்க்காரங்களும் தங்களோட வீட்டு முகப்பை மாத்திக்கிட்டாங்க. பின்னாடி இருக்குற வீடு பழைய வீடுதான், முகம் மட்டும் புதுசு. இன்னிக்கு ஊர் நடுவே இருக்குற அந்தப் பழைய பகுதி மொத்தமும் உலகப் பாரம்பரியச் சின்னம்.

லியோன் சொன்னான், "வெளிநாடு போயிட்டு வந்த ஒருத்தன் ஊரையே மாத்திட்டான். மதுரை, நீ போய் என்னத்த மாத்தப் போற?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நான் ஊருக்குக் கொண்டுபோகப் போறது பேங்க் பேலன்ஸ் மட்டும்தான்னு அப்போ ஓடுச்சு. அங்க பார்த்ததுன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல.

சதுக்கத்துல உக்காந்திருந்தப்ப ஓலமோட்ஸ் பையில இருந்து ஒரு டப்பாவை எடுத்து என் கையில கொடுத்தா. உள்ள கசகசா வச்ச பன். "பாட்டி உனக்குக் கொடுத்தனுப்பினாங்க. மார்ச்லயே அந்த இந்தியப் பையன் ஏன் வரலன்னு கேட்டாங்க. இப்ப ஊருக்குப் போறான்னு சொன்னேன்." நம்ம ஊர்ல கசகசா குருமாவுக்குப் போடுறது. அங்க அதை அரைச்சு, சர்க்கரை போட்டு, பூரணம் மாதிரி உள்ள வைப்பாங்க. நான் பார்த்தே இல்லாத ஒரு பாட்டி எனக்குன்னு செஞ்சது. நாலு பன். எல்லாருக்கும் பிச்சுக் கொடுத்தேன். தொண்டையில இறங்கவே இல்ல.

க்ரும்லவ்: "எத்தனாம் தேதி?"

அங்க இருந்து ரயில் மாறி மாறி செஸ்கி க்ரும்லவ். இன்ஸ்டாகிராம்ல கண்டிப்பா பார்த்திருப்பீங்க. வல்டாவா ஆறு ஒரு லாடம் மாதிரி வளைஞ்சு ஓடும், அந்த வளைவுக்குள்ள ஊர், மேல பாறை மேல கோட்டை. கோட்டைச் சுவர்ல தெரியுற கல்லு, ஜன்னல்ல பல வெறும் பெயின்ட். தூரத்துல இருந்து நிஜம் மாதிரியே இருக்கும். வாசல் அகழியில கரடி வளர்க்குறாங்க. முதலை விட்ட அகழின்னு கதையில கேட்டிருக்கோம், இங்க தண்ணி இல்லாத அகழியில கரடி.

மத்தியானம் ரப்பர் படகு வாடகைக்கு எடுத்தோம். ஆத்துல அங்கங்க சின்னச் சின்ன தடுப்பணை இருக்கு, ஒரு ஓரத்துல படகு சறுக்கி இறங்க வழி விட்டிருப்பாங்க. அதுல நாங்க ரெண்டு தடவை கவுந்தோம். எதிர்ல போற ஒவ்வொரு படகுக்காரரும் கையத் தூக்கி "அஹோய்!"ங்கிறார். கடலே இல்லாத நாட்டுல எல்லாரும் மாலுமி மாதிரி அஹோய் சொல்றாங்க. ஆத்துல மட்டும் இல்ல, ஃபிரெண்ட்ஸுக்குள்ள சாதாரணமா சொல்றதும் அதுதான். பார்க்கும்போதும் அஹோய், பிரியும்போதும் அஹோய்.

ஓவியர் எகோன் ஷீலவோட அம்மா பிறந்த ஊர் இது. 1911ல அவர் இங்க வந்து குடியேறினார். கல்யாணம் ஆகாம ஒரு பொண்ணோட வாழ்ந்ததும், இளம் பெண்களை மாடலா வச்சு வரைஞ்சதும் ஊருக்குப் பிடிக்கல. சில மாசத்துலயே கிளம்ப வச்சுட்டாங்க. இப்ப அதே ஊர்ல அவர் பேர்ல ஒரு கலை மையம் இருக்கு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் இந்த ஊர்ல தலைமுறை தலைமுறையா இருந்த ஜெர்மன் பேசுற மக்களையும் வெளியேத்தினாங்க. ஆக, அழகான ஊர்தான், ஆனா யார் இருக்கலாம், யார் போகணும்னு பலமுறை முடிவு பண்ணின ஊர்.

ராத்திரி ஆத்தங்கரையில உக்காந்திருந்தோம். அவங்க கையில பியர், என் கையில கோஃபோலா. கோஃபோலாங்கிறது கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துல வந்த உள்ளூர் கோலா, கொஞ்சம் மூலிகை வாசம் அடிக்கும். லியோன் ஆரம்பிச்சான்: "அக்டோபர்ல எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க." க்ராக்கோ, "டிசம்பர்ல கிறிஸ்துமஸ் சந்தைக்கு எங்க ஊர்." போர்ட்டோ உடனே ஃபோனை எடுத்து ஃபிளைட் பார்க்க ஆரம்பிச்சா. 25 யூரோ, 30 யூரோ. நாம மதுரைல இருந்து திருச்சிக்கு பஸ் பார்க்குற மாதிரி பார்க்குறாங்க.

"மதுரை, உனக்கு எந்த வாரம் சரிப்படும்?"னு கேட்டா. கிண்டல் எல்லாம் இல்ல, அவ நிஜமாவேதான் கேட்டா. அவளுக்கு அப்படி ஒரு விஷயம் இருக்குறதே தோணல.

இஸ்மிர் என் பக்கம் சாஞ்சு மெதுவா கேட்டான், "எத்தனாம் தேதி?"

"30."

"எனக்கும் அதேதான்."

எதைப் பத்திங்கிறதை ரெண்டு பேரும் சொல்லிக்கல. விசா ஸ்டிக்கர்ல இருக்குற தேதி. அங்க உக்காந்திருந்த நாலு பேருக்கு இது செமஸ்டரோட கடைசி வாரம். எங்க ரெண்டு பேருக்கு இது அந்த நாட்டுல கடைசி வாரம். அஞ்சு மாசம் ஒரே ஹாஸ்டல்ல, எதிர் எதிர் ரூம்ல இருந்தோம். நானும் அவனும் உருப்படியா பேசிக்கிட்டது அன்னிக்கு ராத்திரிதான். விடிய விடிய. அவன் அப்பா பஸ் டிரைவர்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். அவனும் எல்லாத்தையும் லிராவுக்கு மாத்திப் பார்த்துட்டுத்தான் இருந்திருக்கான். வியன்னாவுக்கு அவனும் போகலயாம். ஒரே காரிடார்ல ரெண்டு பேர் தனித்தனியா கணக்குப் போட்டுட்டு இருந்திருக்கோம்!

தாபோர்: எல்லார் காசும் ஒரே தொட்டியில

மூணாவது நாள் தாபோர். இந்த ஊரோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். யான் ஹுஸ்ங்குற மத சீர்திருத்தவாதியை 1415ல உயிரோட எரிச்சாங்க. அவரைப் பின்பற்றினவங்க 1420ல ஒரு குன்று மேல வந்து கட்டின ஊர் இது. அவங்களோட தளபதி யான் ஜிஸ்கா, ஒரு கண் தெரியாதவர், பின்னாடி ரெண்டு கண்ணும் போன பிறகும் படை நடத்தினவர். தெருவெல்லாம் கோணல் மாணலா இருக்கும். சதுக்கத்துக்கு அடியில வீடுகளோட பாதாள அறைகளை இணைக்குற சுரங்கம், இப்ப உள்ள இறங்கிப் பார்க்கலாம்.

இங்க வந்து சேர்ந்த ஒவ்வொருத்தரும் தங்கிட்ட இருக்குற காசு, நகை எல்லாத்தையும் ஊர்ப் பொதுவா வச்ச தொட்டியில போடணும். உன்னோடது என்னோடதுன்னு எதுவும் கிடையாது. ஓலமோட்ஸ் இதைச் சொன்னதும் எல்லாரும் அவ கையில இருந்த கவரைப் பார்த்தோம். அதுக்குப் பிறகு அந்தக் கவருக்கு 'தொட்டி'ன்னே பேர் வந்துடுச்சு.

அந்த ஏற்பாடு நிலைக்கல. ஊர் ஆரம்பிச்ச அதே வருஷத்துல, சுத்து வட்டார விவசாயிங்க கிட்ட பழைய பிரபுக்கள் மாதிரியே இவங்களும் வரி வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. எங்க தொட்டியும் அன்னிக்கு சாயங்காலம் காலி. மிச்சம் 340 கொருனா. ஆறு பேருக்கு அதுல சூப்பும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டோம். யார் எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு யாரும் பார்க்கல. அந்தச் செமஸ்டர்ல நான் நிம்மதியா சாப்பிட்ட சாப்பாடு அதுதான். மறுநாளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் திரும்பப் போட்டோம்.

குட்னா ஹோரா: விசா இல்லாத துருக்கிக்காரன்

கடைசி நாள் குட்னா ஹோரா. வெள்ளிச் சுரங்க ஊர். 1300ல இருந்து இங்கதான் பிராக் க்ரோஷன்ங்குற வெள்ளிக் காசு அச்சடிச்சாங்க. ஒரு காலத்துல பிராக் நகரத்தோட போட்டி போட்ட பணக்கார ஊர். அந்தக் காசுல சுரங்கத் தொழிலாளிகளோட காவல் புனிதையான பார்பராவுக்கு 1388ல ஒரு ஆலயம் கட்ட ஆரம்பிச்சாங்க. உள்ள சுவர்ல சாமி படங்களோட, சுரங்கத்துல வேலை பார்க்குறவங்க, காசு அடிக்குறவங்க படமும் இருக்கு. நடுவுல போர் வந்துச்சு, வெள்ளி தீர்ந்துச்சு, வேலை நின்னுச்சு. முழுசா முடிஞ்சது 1905ல. 517 வருஷம்! தள்ளிப்போடுறதுல நமக்கெல்லாம் அண்ணன். ஆனா அவங்களுக்கு 517 வருஷம் இருந்துச்சு. எனக்கு 30ஆம் தேதி வரைக்கும்தான்.

ஊர் ஓரத்துல செட்லெட்ஸ்ங்குற இடத்துல எலும்பு ஆலயம். 40,000 பேருக்கும் மேற்பட்டவங்களோட எலும்பு. பிளேக்லயும் ஹுஸ் போர்கள்லயும் செத்தவங்க நிறைய. கல்லறையில இடம் இல்லாம எடுத்துக் குவிச்சு வச்சதை, 1870ல ஃப்ரான்டிஷெக் ரின்ட்ங்குற மரச் சிற்பி அலங்காரமா அடுக்கினார். எலும்புலயே சரவிளக்கு, எலும்புலயே தோரணம். அவரை வேலைக்கு வச்ச ஷ்வார்ட்சென்பெர்க் குடும்பத்தோட சின்னமும் எலும்புலதான். அதுல ஒரு காக்கா, ஒரு வெட்டுண்ட தலையோட கண்ணைக் கொத்துது. அந்தத் தலை ஒரு துருக்கியனோடது. 1598ல ஒட்டோமான் படைகிட்ட இருந்து ஒரு கோட்டையைப் பிடிச்சதுக்கு நினைவா அந்தக் குடும்பத்துக்குக் கிடைச்ச சின்னம்.

ஓலமோட்ஸுக்கு அது அங்க இருக்குறது தெரியும், சொல்ல மறந்துட்டா. அவ முகம் செவந்து போச்சு. நாங்க யாரும் எதுவும் பேசல. இஸ்மிர் ரொம்ப நேரம் அதையே பார்த்தான். அப்புறம் சொன்னான்: "150 வருஷமா விசா இல்லாம இந்த நாட்டுல தங்கியிருக்கிற ஒரே துருக்கிக்காரன் இவன்தான்."

எலும்புக்கூடுகளுக்கு நடுவுல நின்னு சிரிக்கக் கூடாதுதான். அடக்க முடியல. காவலுக்கு இருந்த அம்மா முறைச்சாங்க. வெளிய வந்து புல்லுல உக்காந்ததும் போர்ட்டோ கேட்டா, "அன்னிக்கு ராத்திரி நான் ஃபிளைட் பார்த்துட்டு இருந்தப்ப நீங்க ரெண்டு பேரும் ஏன் எதுவும் சொல்லல?" இஸ்மிர் சொன்னான், "நீ சந்தோஷமா இருந்த." அவ அழுதுட்டா. கல்யாண போட்டோல இருக்குறது அந்தப் பொண்ணுதான்.

அஹோய்

அன்னிக்கு ராத்திரி பிராக் ரயில் நிலையத்துல பிரிஞ்சோம். எனக்கு மறுநாள் ஃபிளைட். எல்லாரும் "அஹோய்"னாங்க. உங்க மொழியில எப்படிச் சொல்வீங்கன்னு க்ராக்கோ கேட்டா. "போயிட்டு வரேன்"னேன். அர்த்தம்? போறேன், ஆனா திரும்பி வரேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது வெறும் 'போறேன்'னு சொன்னா பாட்டி அடிக்க வரும்னு விளக்கினேன். அஞ்சு பேரும் அதைச் சொல்லிப் பார்த்தாங்க. இஸ்மிருக்கு மட்டும் உச்சரிப்பு சரியா வந்துச்சு.

நான் திரும்பிப் போகல. 2020ல உலகமே மூடிக்கிச்சு, அப்புறம் வேலை, இப்ப ஸ்லாட். அவங்க நாலு பேரும் சொன்ன மாதிரியே லியோன்ல சந்திச்சாங்க, க்ராக்கோல சந்திச்சாங்க. கோபம் எல்லாம் இல்ல. அவங்க எங்களை வீடியோ கால்ல வச்சுக்கிட்டுத்தான் சுத்துவாங்க. இஸ்மிரும் நானும் மாசம் ஒரு தடவை பேசிக்கிறோம், ரெண்டு பேரும் இப்ப ஒரே மாதிரி வேலைதான்.

2024 ஜனவரியில ஓலமோட்ஸ் மதுரைக்கு வந்தா. அவளுக்கு ஈ-விசா சில நாள்ல வந்துடுச்சு. முதல் நாளே எங்க வீட்டுலதான் சாப்பாடு, எங்க அம்மா கையால. அவ ஒண்ணையும் அடுத்த தடவைக்குன்னு வைக்கல. சாப்பிட்டு முடிச்சதும் நான் கேட்டேன், "பாட்டி எப்படி இருக்காங்க?" போன வருஷமே தவறிட்டாங்கன்னு சொன்னா. நான் இன்னும் அந்தப் பாட்டி முகத்தைப் பார்த்தது அவ ஃபோன்ல இருந்த போட்டோலதான்.

அதனால இப்ப வெளியூர்ல படிச்சிட்டு இருக்குறவங்களுக்குச் சொல்றேன். காசு பத்திரம்தான், வீட்டு லோன் நிஜம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்களோட படிக்கிற பலருக்கு அந்த நாடு பக்கத்து ஊரு மாதிரி, நினைச்சா வருவாங்க. நமக்கு பாஸ்போர்ட்ல தேதி அடிச்சிருக்கு. நேரம் கம்மியா இருக்குறது நமக்கு, தள்ளிப்போடுறதும் நாமதான். ஃபேர்வெல் ட்ரிப்பை கடைசி வாரத்துக்கு வைக்காதீங்க. முதல் மாசமே போங்க, நாலு ஊர் வேணாம், ஒரு ஊர் போதும். யாராவது பாட்டி வீட்டுக்குக் கூப்பிட்டா, அசைன்மென்ட்டை ரயில்ல எழுதிக்கலாம்.

என்னோட அப்பாயின்ட்மென்ட்டை நான் கேன்சல் பண்ணல. கல்யாணம் முடிஞ்சிடுச்சு, இருந்தாலும் போய்ட்டு வந்தேன். பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரல. வந்தா முதல் டிக்கெட் ஓலமோட்ஸ் ஊருக்குத்தான். என்ன ஆச்சுன்னு கண்டிப்பா சொல்றேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. போயிட்டு வரேன்.